நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது தலை

அந்தக் கட்டத்தில் மட்டும் இன்னும் எதையும் எழுதிவிடாதீர்கள், தாயி. பேனாவை மூடுங்கள். பெயர் எழுதியாச்சு, பிறந்த தேதி எழுதியாச்சு, பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையம் என்று இடம் பத்தாமல் நுணுக்கி நுணுக்கி எழுதியாச்சு. அதெல்லாம் சரி. அதுக்குக் கீழே தாய்மொழி என்று பெருவிரல் அகலத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கட்டத்துக்குள்தான் நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், தமிழேதான். பயந்துவிட்டீர்களா? ஃபின்லாந்தில், பனிக்காட்டுக்கு நடுவில், பக்கத்து சீட்டில் ரோமத்தொப்பி போட்டிருக்கிற கிழவன் வாயைத் திறந்து தமிழ் பேசினால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். நான் தூத்துக்குடிக்காரன். இன்னாசி மச்சாது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி இந்த ஊரில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஏறும்போது டிரைவர் ஹோக்கான் "ஹெய், எலா" என்றானே, கேட்டீர்களா? இங்கே அதுதான் என் பெயர். அந்தக் கதை பின்னால் வரும். அவசரமில்லை. இது வட்டப் பேருந்து. துறைமுகத்தில் கிளம்பித் துறைமுகத்துக்கே வந்து சேரும். நீங்கள் எங்கே இறங்க வேண்டும்?

ஓ. முதியோர் இல்லமா. அங்கே நர்ஸா. இந்தத் தாள் வாங்கப் போனதில் இன்றைக்கு நேரமாகிவிட்டதா. சரி. சரி, அதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதை விடுங்கள்.

வந்து ஒரு வாரம்தானா? அப்படியானால் இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் பொய்யாக இருக்கும். என்னிடம் கேளுங்கள். ஊருக்குள் நுழையும்போது பெயர்ப்பலகை பார்த்தீர்களா? மேலே தீராலாஹ்தி, கீழே டேர்ன்விக். ரெண்டு ஊர் இல்லை, ஒரே ஊர்தான். மேலே ஃபின்னிஷ், கீழே ஸ்வீடிஷ். ரெண்டுக்கும் அர்த்தம் ஆலா வளைகுடா. ஆலா தெரியுமில்லையா, கடல்மேல் கத்திக்கொண்டு பறக்கும் வெள்ளைப் பறவை? கோபியில் ஏது கடல், விடுங்கள். எனக்கு அந்த ஃபின்னிஷ் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. தீரா லாஹ்தி. தீரவே தீராது.

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த நாடெல்லாம் ஸ்வீடன் ராஜா கையில் இருந்தது. ஒரு நாள் ராஜா காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே வரைபடம் பார்த்தாராம். ரொட்டியிலிருந்து ஜாம் ஒரு சொட்டு விழுந்தது. "இது என்ன ஊர்?" என்றார். பக்கத்தில் நின்ற மந்திரிக்கு அது ஜாம் என்று சொல்லத் தைரியமில்லை. "டேர்ன்விக், மகாராஜா" என்றான். சொன்னதற்காக ஊரைக் கட்ட வேண்டியதாயிற்று. சிரிக்காதீர்கள், நகரமன்றத்தில் அந்த வரைபடம் இருக்கிறது. நக்கிப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்.

ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் கடலோரத்தில் உட்கார்ந்தார்கள். ஃபின்னிஷ் பேசுகிறவர்கள் காட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். எல்லாவற்றிலும் ரெண்டு. ரெண்டு பள்ளிக்கூடம், ரெண்டு பாட்டுக்குழு, ஒரே கோயிலில் ரெண்டு பூசை. தீயணைப்பும் ரெண்டு. ஒருதடவை சந்தைத் தெருவில் தீப்பிடித்தபோது ரெண்டு வண்டியும் வந்து நின்று, தண்ணீர் என்று எந்த மொழியில் கத்துவது என்று சண்டை போட்டார்களாம். கத்தி முடிப்பதற்குள் பாதித் தெரு போய்விட்டது. இப்போது ரெண்டு மொழியிலும் மணிதான் அடிக்கிறார்கள்.

இதையும் கேளுங்கள், இது மட்டும் சத்தியம், யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். இந்தக் கரையில் தரை வருஷா வருஷம் மேலே எழும்புகிறது. கடல் பின்வாங்கிக்கொண்டே போகிறது. முதல் துறைமுகம் இருந்த இடத்தில் இன்றைக்குப் பையன்கள் கால்பந்து விளையாடுகிறார்கள். கப்பல் கட்டிய இரும்பு வளையம் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கடலே தப்பித்து ஓடுகிற ஊர், தாயி. என்னால்தான் முடியவில்லை.

நான் ஓடிவந்தவன் இல்லை. மாட்டிக்கொண்டவன். எழுபத்தொன்பது ஜனவரியில் மரம் ஏற்றுவதற்காக எங்கள் கப்பல் இங்கே வந்தது. நான் இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற ஆள். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கடலைக் காணோம். சுற்றிலும் வெள்ளை. கப்பல் பனிக்கட்டியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. துறைமுகத்துக்கு ரெண்டு கிலோமீட்டர். பனி உடைக்கிற கப்பல் வரும் என்றார்கள். வந்தது, அதுவும் மாட்டிக்கொண்டது. இதைப் பாதிதான் நம்பலாம். ஆனால் மே மாசம் வரைக்கும் நாங்கள் அசையவில்லை என்பதை முழுசாக நம்பலாம்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மேல்தளத்தில் நிற்கிறேன், காற்றில் ஏலக்காய் வாசனை. ஏலக்காய்! பனிப்பாலைவனத்தில்! பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூட இருந்த பர்னாந்துவும் மூக்கை உறிஞ்சினான். "ஏல, எவனோ பாயாசம் வைக்கான்ல," என்றான். நான் பனிமேல் இறங்கி வாசனை வந்த திசையில் நடந்தேன். துறைமுகத்தில் ஒரு காப்பிக்கடை. இந்த ஊர்க்காரர்கள் பன்னுக்குள் ஏலக்காய் போடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு பெண்பிள்ளை, கை முழங்கை வரைக்கும் மாவு. ஒரு பன் கொடுத்தாள். தின்றேன். இன்னொன்று கொடுத்தாள். ஆறு தின்றேன் என்று அவள் சொல்வாள். நாலுதான்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பர்னாந்துவுக்கு என் வேலையையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டது. ஒரு நாள் பனிமேல் நடந்து வந்து கடை வாசலில் நின்று காட்டுக்கத்தலாகக் கத்தினான்: "ஏல! ஏல! வால வெளியே!" உங்கள் ஈரோட்டுப் பக்கம் ஏனுங்க, வாங்க, போங்க என்று எல்லாவற்றுக்கும் சர்க்கரை தடவுவீர்கள். எங்கள் ஊரில் சிநேகிதனைக் கூப்பிட அது ஒன்றுதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கப்பல் இங்கிலீஷில் கேட்டாள், "ஏலாதான் உன் பெயரா?" இன்னாசி மச்சாது என்பதை அவள் வாயில் போட்டுப் பல்லை உடைப்பானேன் என்று ஆமாம் என்றேன். ஏலா தேய்ந்து எலா ஆயிற்று. ஊரே எலா என்றது. போப்பாண்டவர் வந்தாலும் இனி மாற்ற முடியாது.

உங்களுக்கு ஃபின்னிஷ் தெரியும், வகுப்பு முடித்து வந்திருக்கிறீர்கள், சொல்லுங்கள், எலா என்றால் என்ன? ஆங். வாழ். உயிரோடு இரு. அதில்தான் பெரிய கூத்து. ஒரு நாள் அவள் கடை வாசலில் நின்று கப்பல் இருக்கிற திசையைப் பார்த்து "எலா! எலா!" என்று கூவினாள், என்னுடைய பன் ஆறுகிறது என்று சொல்வதற்காக. அந்த நேரத்தில் தாய்ஸ்டோ என்று ஒரு ஃபின்னிஷ்காரன், மீன் பிடிக்க வெட்டிய பனிக்குழி ஓரத்தில் நின்று, உள்ளே விழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். பெண் குரல் கேட்கிறது: வாழ்! வாழ்! அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டான். தொண்ணூற்றொரு வயசு வரைக்கும் இருந்தான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு மீன் கொண்டுவந்து கொடுப்பான். ஏன் என்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மே மாசம் பனி உடைந்தது. கப்பல் போய்விட்டது. நான் போகவில்லை. அவள் போகாதே என்றெல்லாம் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஜாதி இல்லை அது. கப்பல் எந்த நாள் கிளம்புகிறது என்று மட்டும் தினமும் கேட்பாள். கேட்டுவிட்டு மாவு பிசையப் போய்விடுவாள். ஒரு நாள் சொன்னேன், "கப்பல் போகும். நான் போகலை." அன்றைக்குப் பன்னில் ஏலக்காய்க்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் ஆட்கணக்கு ஆபீசுக்குப் போனேன். இப்போது நீங்கள் மடியில் வைத்திருக்கிற தாளுக்குத் தாத்தாத் தாள் அது. குமாஸ்தா பெயர் பெர்டல். ஒல்லி, வாயில் எப்போதும் புகைகிற சுங்கான். நல்லவர் மாதிரி இருந்தார், அதுதான் ஆபத்து.

"மொழி?" என்றார்.

"தமிழ்."

தாளை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். "மூன்று கட்டம்தான் இருக்கிறது. ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், மற்றவை. உங்களுக்கு மற்றவை."

"என்னது?"

"மற்றவை."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அறுபத்தைந்தில் எனக்குப் பதினைந்து வயசு, தாயி. பள்ளிக்கூடத்தைவிட்டு எல்லோரும் தெருவில் இறங்கினோம். இந்த இடது முழங்கால் இருக்கிறதே, தமிழுக்காகத் தடியடி வாங்கிய முழங்கால். ஊரில் எல்லோருக்கும் இதைக் காட்டியிருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டுப் பிள்ளை, கண்டுபிடித்துவிடுவீர்கள். போலீஸ் விரட்டியது நிஜம். சுவர் ஏறிக் குதித்தது நிஜம். அந்தப் பக்கம் எருமை படுத்திருந்தது நிஜம். தடியடி மட்டும்தான் இல்லை.

ஆனால் எருமைமேல் விழுந்தவனுக்கும் மொழிப்பற்று இருக்கக்கூடாதா? பெர்டலைக் கேட்டேன், "உங்க ஊருக்கு வயசென்ன?"

"முந்நூறு."

"எங்க இலக்கணப் புத்தகத்துக்கே ரெண்டாயிரம். மற்றவையாம்ல, மற்றவை! மிச்சம் மீதியை அள்ளிப் போடுற குப்பைக்கூடையா அது?"

"அப்படியானால் என்ன எழுதட்டும்?"

"மற்றவைன்னு மட்டும் எழுதாதீரும். வேற எதை வேணும்னாலும் எழுதும்."

அவர் சுங்கானைக் கீழே வைத்தார். சிரித்தார். "எங்கள் கட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது," என்று சொல்லி, ஸ்வீடிஷ் என்று எழுதி, ஸ்வீடிஷில் முத்திரை குத்தி, ரெண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காப்பி வந்தது. கேக் வந்தது. என்னடா இது, மரியாதை தெரிந்த ஊர் என்று தின்றுவிட்டு வந்தேன். தமிழுக்கு அவமானம் வரக்கூடாது என்று தமிழையே கைகழுவிவிட்டு வந்தேன். இந்த வேலை நம்ம ஆளால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறாள், சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. இது மாதிரிச் சின்ன ஊரில், குறைந்த மொழிக்காரர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குக் கீழே போய்விட்டால், ரெண்டு மொழி ஊர் ஒரு மொழி ஊராகிவிடும். பத்து வருஷத்துக்கு ஒருதடவை மேலிடத்தில் பார்த்து முடிவு செய்வார்கள். ஊரில் மூவாயிரத்து முந்நூறு பேர். நூற்றுக்கு ஆறு என்றால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஸ்வீடிஷ்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? நூற்றுத் தொண்ணூற்றேழு.

நான்தான் அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது தலை. பலகையில் கீழ்வரி என் தலையில் நிற்கிறது. ஸ்வீடிஷ் பள்ளிக்கூடம் என் தலையில் நிற்கிறது. எனக்கோ அப்போது தெரிந்த ஸ்வீடிஷ், காப்பி, ரொட்டி, மத்திமீன், நன்றி, நாசமாய்ப் போ. இப்போதும் அதற்குமேல் பெரிதாக இல்லை. தேவைப்படவில்லையே! கடையில் கைஜாடை, வீட்டில் கப்பல் இங்கிலீஷ். அவள் என்னிடம் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு ஏலதான்.

அன்றிலிருந்து காவல். ஒருதடவை வேறு ஊரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது, பெட்டியைக் கட்டினேன். ஸ்வீடிஷ் டாக்டர் வீட்டுக்கு வந்து, சும்மா பார்க்கிறேன் என்று சொல்லி, நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை, மகள் சிசிலியா கல்யாணமாகித் தாம்பெரே நகரத்துக்குப் போனபோது, நாங்களும் கூடப் போகிறதாக இருந்தோம். ஸ்வீடிஷ் பாட்டுக்குழு மொத்தமும் வந்து பேருந்தை மறித்துப் பதினெட்டுச் சரணம் பாடினார்கள். பதினெட்டு இல்லை. பன்னிரண்டு இருக்கும். பேருந்து போய்விட்டது. சிசிலியா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள், "அப்பா, தனியா என்ன பண்றீங்க, வந்துடுங்க." ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அவளும் போனை வைத்துவிடுகிறாள். நம்புகிறாள் போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் பெர்டல் செத்துப்போனார். தொண்ணூற்றாறு வயசு. மண் போடும்போது ஊர்க்காரர்கள் எல்லோரும் குழியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். இருமலா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று. இத்தனை வருஷத்தில் பிறந்தவர்கள் செத்தவர்களைக் கூட்டிக் கழித்து, என்னையும் சேர்த்து இப்போது நூற்றுத் தொண்ணூற்றேழு. பேக்கரி வீட்டில் மார்ச்சில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது. ஆனால் அப்பன் ஃபின்னிஷ்காரன், எந்தக் கட்டம் என்று இப்போதே தட்டுமுட்டுச் சாமான் பறக்கிறது. அந்தக் குழந்தையை நம்ப முடியாது. ஒரு தலை குறைகிறது. இந்த நேரம் பார்த்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். கட்டம் காலியாக, பேனாவும் கையில் வைத்துக்கொண்டு.

ஸ்வீடிஷ் என்று எழுதிவிடுங்கள், தாயி. யாரும் பரீட்சை வைக்க மாட்டார்கள். எனக்கு வைத்தார்களா?

ஏன் முறைக்கிறீர்கள்? பலகையில் ஒரு வரி போனால் எனக்கென்ன என்கிறீர்களா? எனக்கும் ஒன்றுமில்லை. பலகையைத் தூக்கி அடுப்பில் வைக்கட்டும். ஆனால் வரி போனால் கூடவே வேறு சிலதும் போகும். தபால், பள்ளிக்கூடம். அப்புறம்... வயசானவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, எங்களிடம் எங்கள் மொழியில் பேசுகிற ஆள் வேண்டும் என்று அவர்கள் இப்போது கேட்கலாம். கொடுத்தாக வேண்டும். நாளைக்குக் கேட்க முடியாது. ஒரு கிழவி தண்ணீர் வேண்டும் என்று ஸ்வீடிஷில் சொல்வாள், யாருக்கும் புரியாது. ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அவ்வளவுதான். பொதுவாகச் சொல்கிறேன்.

பொதுவாகத்தான்.

சரி. நீங்கள் அங்கேயே வேலை பார்க்கிறீர்கள், மறைத்து என்ன ஆகப் போகிறது. என் வீட்டுக்காரி அங்கேதான் இருக்கிறாள். ரெண்டு வருஷமாச்சு. முதலில் கடைச்சாவியை மறந்தாள். அப்புறம் மொழிகள் போக ஆரம்பித்தன. இந்தப் பேருந்திலிருந்து ஒவ்வொருத்தராக இறங்கிப்போகிற மாதிரி. முதலில் ஃபின்னிஷ் இறங்கிப் போனது. பிறகு இங்கிலீஷ். இங்கிலீஷ் போன அன்றைக்கு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. அவளிடம் மிச்சம் அவள் பிறந்த மொழி ஸ்வீடிஷ் மட்டும்தான். என் பதிவுத்தாளில் தாய்மொழி ஸ்வீடிஷ், முத்திரையோடு இருக்கிறது. அவள் பேசினால் எனக்கு ஒரு மண்ணும் புரிவதில்லை.

கற்றுக்கொள்ளலாம்தான். எழுபத்தைந்து வயசில் புத்தகம் வாங்கினேன். முதல் பாடம், என் பென்சில் எங்கே. பென்சிலை வைத்து நான் என்ன செய்ய?

அக்டோபரில் போனபோது அவள் என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வாக்கியத்தை மூன்றுதடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் குரல் உயர்ந்தது. என்ன சொல்கிறாள் என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டேன். "உன் கப்பல் எந்த நாள் கிளம்புகிறது என்று கேட்கிறார்," என்றாள். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எப்போது கிளம்புவாய் என்று கேட்டால் கிளம்பு என்றுதானே அர்த்தம்? யாரோ கப்பல்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான், எழுந்து போகமாட்டேன் என்கிறான். எழுந்து வந்துவிட்டேன். அதோடு உள்ளே போகவில்லை.

முழங்கால்வலி வேறு. உங்கள் இல்லத்துப் படி உயரம். அதில் பனி வேறு.

ஆனால் செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பேருந்தில் வருவேன். சும்மா ஒரு சுற்று. மூன்றுமணிக்குக் கால்மணி முன்னால் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும், ஒரு நிமிஷம். மஞ்சள் திரை போட்ட ஜன்னல் அவளுடையது. தொப்பியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வேன், மரியாதைக்கு. அவளுக்கு எங்கே தெரியப் போகிறது. ஹோக்கான் கண்ணாடியில் என்னைப் பார்ப்பான், நான் தலையை ஆட்டுவேன், வண்டியை எடுத்துவிடுவான். அவள் பெயரா? குன்வோர். மாடியில்—

என்ன? ஏழாம் நம்பர் அறை, ஆமாம். உங்கள் பக்கமா அது? உங்களுக்குத்தான் ஸ்வீடிஷ் தெரியாதே.

சரி, ஸ்வீடிஷ் தெரிந்த நர்ஸ் காலையில் மட்டும் வருகிறாள். மத்தியானம் நீங்கள். ம். நன்றாகச் சாப்பிடுகிறாளா? பன் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாளா? ஏலக்காய் போதாது என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

இல்லை, தப்பு. அவளுக்கு ஃபின்னிஷ் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. பேசுகிறாள் என்று யார் சொன்னது?

ஒரே ஒரு வார்த்தையா? ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டா?

எந்த வார்த்தை?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

...

எல்லோரும் சந்தோஷப்பட்டார்களா. மற்றக் கிழவன் கிழவிகளை வாழ், வாழ் என்று ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று இல்லத்துப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்களா. பூ வரைந்திருக்கிறார்களா பக்கத்தில். நல்ல ஜனங்கள். தாய்ஸ்டோ மாதிரியே நல்ல ஜனங்கள்.

எந்த நேரத்தில் சொல்கிறாள் என்று கவனித்தீர்களா? மூன்றுமணிக்குக் கால்மணி முன்னால். வந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை? போன வெள்ளி. இந்தச் செவ்வாய். நடுவில் இல்லை. கண்ணாடியைத் தட்டிக்கொண்டா? சத்தமாகவா?

எப்படிச் சொல்கிறாள்? கூப்பிடுகிற மாதிரியா? பன் ஆறுகிறது என்கிற மாதிரியா?

கொஞ்சம் இருங்கள், தாயி. பேசாதீர்கள் கொஞ்சம். கண்ணில் பனி. வெயிலில் பனியைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும், இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

அது ஃபின்னிஷ் இல்லை, தாயி. அது தூத்துக்குடி.

அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள். இல்லை, வேண்டாம், நானே அமுக்குகிறேன். பாருங்கள், ஹோக்கான் கண்ணாடியில் கண்ணை விரிக்கிறான். நாலு மாசத்தில் நான் இதை அமுக்கினதே இல்லை. இரு ஹோக்கான், இறங்கத்தான் போகிறேன், வண்டியை அணை. ஒன்று கேட்கிறேன், சொல். கப்பல் பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்வீடிஷில் எப்படிச் சொல்வது?

ஷெப்பெட் சிட்டர் ஃபாஸ்ட் ஈ ஈசென். இன்னொரு தடவை, மெதுவாக. ஷெப்பெட் சிட்டர் ஃபாஸ்ட் ஈ ஈசென். சிரிக்கிறான் பாருங்கள். எந்தக் கப்பல் என்கிறான். என் கப்பல்தான்டா. கிளம்புகிற நாளே இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் பாட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறேன், எருமை.

கையைக் கொடுங்கள், படி உயரம் என்று சொன்னேனே, அது மட்டும் பொய்யில்லை.

அந்தத் தாளா? தமிழ் என்றே எழுதுங்கள். இப்போது அதற்குத் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள், மற்றவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் கட்டம் இருந்தபடியே இருக்கட்டும். அவளுக்குக் காலையில் வருகிற நர்ஸ் வேண்டும். பெர்டலுடைய இடத்துக்கு நான் பேக்கரி வீட்டில் பேசிக்கொள்கிறேன், அந்த அப்பனுக்கு என் முழங்காலைக் காட்டுகிறேன்.

ஆனால் நமக்குள் ரகசியமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தேதியில் இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். நீங்கள், நான், ஏழாம் நம்பர். இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து பேர் வந்துவிட்டால் போதும், பலகையில் மூன்றாவது வரி.

ஜன்னலைப் பாருங்கள், திரை ஆடுகிறது.

ஏல, வாரேன்ல! வாரேன்!